கெல்ம்ஸ்காட் வீட்டின் கூரை

ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், தேம்ஸ் இன்னும் சிற்றாறாக ஓடும் சமவெளியில் இருக்கிறது கெல்ம்ஸ்காட் மேனர். 1570 வாக்கில் ஓர் உழவர் குடும்பம் கட்டிக்கொண்ட வீடு. சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் சுவர், செங்குத்தான முக்கோண முகப்புகள், கல் சட்டமிட்ட சன்னல்கள். பகட்டு எங்கும் கிடையாது.

இந்த வீட்டின் பெரிய அழகு கூரையில் இருக்கிறது என்பேன். அது மண் ஓடு அல்ல, கல் ஓடு. முகட்டருகே உள்ளங்கையளவில் தொடங்கும் கற்கள் வரிசைக்கு வரிசை பெரிதாகி, இறவாரத்தில் அகன்ற பலகைகளாக முடிகின்றன. அலங்காரத்துக்காக வந்த ஒழுங்கு இல்லை இது. கனத்த கல்லைச் சுவர் தாங்கும் இடத்தில் வைத்தார்கள். மழைநீர் திரண்டு வரும் அடிப்பகுதியில் இணைப்புகள் குறைந்தன. கல் வெட்டும் குழியில் கிடைத்த சின்னஞ்சிறு துண்டும் வீணாகவில்லை. வேலையின் நியாயமே அழகாகிவிட்டது!

இத்தகைய ஓடுகளைப் பிளக்கப் பனியையே வேலை வாங்கிய ஊர் அதே மாவட்டத்து ஸ்டோன்ஸ்ஃபீல்டு. தோண்டியெடுத்த கல்லை ஈரம் காயாமல் குளிர்காலம் முழுக்க வெளியில் போட்டுவைப்பார்கள். உள்ளிருக்கும் நீர் உறைந்து விரிய, கல் ஏடு ஏடாகப் பிரியும். பிறகு துளையிட்டு, மர முளை அடித்து, ரீப்பரில் தொங்கவிடுவார்கள்.

கெல்ம்ஸ்காட் வீட்டைக் கட்டிச் சுமார் நூறாண்டு கழித்து அதன் வடபுறம் ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். மேல்மாடச் சன்னல்களின் தலையில் சிறிய முக்கோண முடிப்பு வைத்தது அந்தக் காலத்து நாகரிகம். ஆனாலும் கல்லும் கூரையும் ஒன்றே என்பதால் ஒட்டு உறுத்தவில்லை.

வடிவமைப்பாளரும் கவிஞருமான வில்லியம் மோரிஸ் 1871இல் இந்த வீட்டை, ஓவியர் ரொசெட்டியோடு சேர்ந்து, குத்தகைக்கு எடுத்தார். தோட்டத்துப் பறவைகள் ஸ்ட்ராபெரி திருடியதைப் பார்த்துத்தான் தன் புகழ்பெற்ற துணி வடிவத்தை வரைந்தார். பழைய கட்டிடங்களின் மேற்பரப்பைச் சுரண்டிப் ‘புதுப்பிக்கும்’ வழக்கத்தை எதிர்த்து 1877இல் சங்கமும் தொடங்கினார். காலம் ஏற்றிய நிறத்தைச் சுரண்டுவது கட்டியவர்களின் கைரேகையை அழிப்பதுதான். அவருடைய எதிர்ப்பை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

மோரிஸ் 1896இல் காலமானார். கெல்ம்ஸ்காட் தேவாலய வளாகத்தில் அவர் மேல் கிடக்கும் கல்லை வடிவமைத்தவர் நண்பர் பிலிப் வெப். அது இருபுறமும் சரியும் ஒரு கூரையின் வடிவில் இருக்கிறது.