முதல் மாத்திரைக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

குடல், மார்பகப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் கேபசிடபின் மாத்திரையின் டோஸை, நோயாளியின் உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் பரப்பளவை வைத்தே முடிவு செய்கிறார்கள். இதற்குப் பரவலாகப் பயன்பட்டுவரும் டூபுவா சூத்திரம் 1916-இல் வெறும் 9 பேரை அளந்து உருவானது. மருந்தை ஓர் உடல் எவ்வளவு வேகமாகக் கழிக்கும் என்பதை அது சொல்லாது.

கேபசிடபின் உடலுக்குள் 5-ஃபுளோரோயுராசிலாக மாறுகிறது. அதில் 80 சதவீதத்துக்கு மேல் சிதைப்பது டிபிஒய்டி மரபணு உருவாக்கும் நொதிதான். அந்த நொதி குறைந்தவர்களுக்கு வழக்கமான டோஸே நஞ்சு. மாத்திரையை அவர்கள் வீட்டிலிருந்தபடி, சாப்பிட்ட அரை மணிக்குள், காலையும் இரவும் 14 நாள் போடுகிறார்கள். வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாது, வயிற்றுப்போக்கு நிற்காது, வெள்ளையணுக்கள் சரியும். ‘கீமோ என்றால் இப்படித்தான் இருக்கும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வேளைகூட விடாமல் போடுகிற நோயாளியை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது. இந்த நஞ்சுக்கு மாற்றுமருந்தான யுரிடின் டிரைஅசெட்டேட்டைக் கடைசி டோஸிலிருந்து 96 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

முன்கூட்டியே மரபணுவைப் பார்த்தால் பலன் உண்டா? உண்டு. நெதர்லாந்தில் 1,103 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. அவர்களில் 85 பேரிடம் மரபணு மாற்றம் இருந்தது. மிக ஆபத்தான மாற்றம் கொண்டவர்களுக்கு டோஸைப் பாதியாக்கியதும், கடுமையான பாதிப்புக்கான ஆபத்து மற்றவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்ற நிலையிலிருந்து 1.3 மடங்காக இறங்கியது. 2020-இல் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் இப்பரிசோதனையைப் பரிந்துரைத்தது.

ஆனால் அதே ஆய்வில், வேறு இரண்டு மாற்றங்களுக்குக் கால் பங்கு குறைத்தது போதவில்லை. குறைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. பாதி டோஸைத் தாங்கிக்கொண்டவருக்கு அடுத்த சுற்றில் கூட்டாமல் விட்டால், பிழைப்பது புற்றுநோய்தான்.

இதைவிடப் பெரிய குறை, வழக்கமாகப் பார்க்கும் நான்கு மாற்றங்களும் பெரும்பாலும் ஐரோப்பியரிடம் கண்டறியப்பட்டவை என்பது. நம்மவர் ஒருவரின் அறிக்கையில் ‘இயல்பு’ என்று வந்தால், அந்த நான்கும் இல்லை என்று மட்டுமே பொருள். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தரும் மெர்காப்டோபியூரினிலும் இதுதான் நடந்தது. வெகுகாலம் டிபிஎம்டி மரபணுவை மட்டுமே பார்த்தார்கள். இதே வகை மருந்து எடுத்த குடல் அழற்சி நோயாளிகளை ஆராய்ந்த கொரிய அறிஞர்கள் 2014-இல் என்யுடிடி15 மரபணுவில் ஒரு மாற்றத்தைச் சுட்டிய பிறகே, டிபிஎம்டி இயல்பாக இருந்தும் ஆசியக் குழந்தைகளின் வெள்ளையணுக்கள் ஏன் சரிந்தன என்பது விளங்கியது. தெற்காசியரிடமும் இந்த மாற்றம் கணிசமாக உண்டு.

இத்தனை குறை இருந்தும், பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பிறவி மரபணு மாறுவதில்லை. ஆயுளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். முதல் மாத்திரைக்கு முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும். எந்தெந்த மாற்றங்களைத் தேடினோம் என்பதை ஆய்வகம் அறிக்கையிலேயே அச்சிட வேண்டும். ‘இயல்பு’ என்று வந்தவருக்கும், வாய்ப்புண்ணோ வயிற்றுப்போக்கோ தொடங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்பதை மருந்துச் சீட்டில் எழுதித் தர வேண்டும்.