பாஸ்கா மேடையில் யூதர்

'செமித்திய எதிர்ப்பு' என்னும் மொழிபெயர்ப்பு எனக்கு உவப்பன்று. அரபியரும் செமித்தியரே, அவர்களிடம் இவ்வெறுப்பு எப்படி இருக்கும் என்ற வாதத்திற்கு அது இடந்தருகிறது. 1879-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மார் இச்சொல்லைப் பரப்பியபோது யூதரை மட்டுமே கருதினார். 'யூத வெறுப்பு' என்பதே நேரிய தமிழ். இஸ்ரயேல் அரசின் செயலைக் கண்டிப்பது இதனுள் அடங்காது. அரசு வேறு, மக்கள் வேறு.

அவ்வெறுப்பு நம்மிடையே எங்குள்ளது என்று தேடுவோர் பாஸ்கா நாடகப் பிரதிகளைப் புரட்டலாம். ஆண்டவரும் அன்னை மரியாவும் பேதுருவும் யூதரே. ஆயினும் பல மேடைகளில், கூச்சலிடும் கூட்டத்திற்கு மட்டுமே அப்பெயர். ஆணி அறைந்த உரோமைப் படைவீரர்மீது கூட அவ்வளவு சினம் எழுவதில்லை! யூதர் ஒருவரையும் கண்டிராத கூனிமேட்டு உப்பளக் கரைப் பிள்ளையும் அச்சொல்லை வசையாகவே கற்கக்கூடும்.

பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரைப் பழித்த அடைமொழியைத் திருத்தந்தை 23-ஆம் யோவான் 1959-இல் நீக்கினார். பாடுகளின் பழியை அன்றைய யூதர் அனைவர்மீதும் இன்றைய யூதர்மீதும் சுமத்தலாகாது என்று 1965-இல் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. நாடகப் பிரதிகளோ பழையபடியே கைமாறி வருகின்றன. வரும் தவக்காலத்தில் ஒத்திகை தொடங்குமுன், 'யூதர்கள்' என்றுள்ள இடங்களில் 'தலைமைக் குருக்கள்', 'கூட்டத்தார்' என்று எழுதி வாசித்துப் பாருங்கள். கதையில் எதுவும் குறையாது.