'ஹோமின்': ஒரு சொல்லும் அதன் பெயர்ப்புச் சிக்கலும்

உக்ரேனிய மொழியில் 'ஹோமின்' என்னும் சொல், பலர் ஒருங்கே பேசுகையில் சொற்கள் தனித்தனியே விளங்காது கலந்து கேட்கும் குரலொலியைக் குறிக்கும். அடுத்த அறையில் விருந்தினர் பேசுவதும், சந்தையை நெருங்குவோர் செவியில் முதலில் விழுவதும் ஹோமினே. இதனை 'இரைச்சல்' எனப் பெயர்ப்பது எளிது; ஆயின் அது பிழை.

பொதுவான ஓசைக்கு 'ஷூம்', பலகுரல் அமளிக்கு 'ஹாமிர்', கூச்சலுக்கு 'ஹாலாஸ்' என அம்மொழியில் வேறு சொற்கள் உள்ளன. ஹோமினிலோ வெறுப்பின் சாயல் இல்லை. அதனோடு தொடர்புடைய 'ஹொமொனீத்தி' என்னும் வினைக்கு அளவளாவுதல் என்பதும் ஒரு பொருள். ஷெவ்சென்கோவின் 'ஹைதமாக்கி' (1841) காப்பியத்தில் நாடே அவ்வினைக்கு எழுவாயாகிறது. ஆங்கு அது கொந்தளிப்பை நெருங்குவதையும் மறைத்தல் கூடாது.

சொல் ஸ்லாவிய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவானது. ஒலிக்குறிப்பின்வழிப் பிறந்ததாகக் கருதப்படுவது. உருசியம் முதலொலியை வெடிப்பொலியாகக் காக்க, உக்ரேனியம் அதனை ஹகரமாக்கியது. ஈற்றசை மெய்யால் மூடப்பட்டமையின் ஒகரம் இகரமாயிற்று. ஆறாம் வேற்றுமையில் அசை திறக்கவே, 'ஹோமொனு' எனப் பழைய ஒகரம் மீள்கிறது. உருசியத்தின் 'கோமன்' பெரும்பாலும் உரத்த ஆரவாரத்தையே சுட்டுதலின், அம்மொழி வழியாகப் பெயர்ப்போர் இரைச்சலில் சென்று முடிவது வியப்பன்று.

முன்னொட்டுப் பெற்ற 'விட்ஹோமின்' எதிரொலியைக் குறிக்கும். டொராண்டோவில் 1948இல் தோன்றிய 'ஹோமின் உக்ராயினி' இதழ், ஆங்கிலத்தில் 'உக்ரேனிய எதிரொலி' என்று பொருள்படும் பெயரை ஏற்றது. புலம்பெயர்ந்தோர் இதழுக்கு இரைச்சல் என்று எவரும் பெயரிடார்.

தமிழில் நிகரன் எது? 'சலசலப்பு' இலைக்கும் நீருக்கும் பொருந்தும். ஹோமினும் காட்டின் ஒலிக்கு வழங்குவதால் அவ்விடங்களில் அது தகும். மனிதர் கூட்டத்திற்கு ஆளின், செய்தித்தாள் வழக்கால் அரசியல் பூசல் என்னும் பொருள் நுழைந்துவிடும். தொல்காப்பிய உரியியல் அரவப் பொருளில் தரும் 'கம்பலை' மிக நெருங்கியது; எனினும் இன்றைய புதினத்தில் அது அகராதியைத் தேடவைக்கும். 'அரவம்' தனித்து நின்றால் பாம்பும் உடன் வரும். 'ஆளரவம்' என்னும் பேச்சுவழக்குத் தொடரே, சொல் விளங்காவிடினும் மனிதர் இருப்பதை உணர்த்துவது. இடர் ஒன்றே: அது பெரும்பாலும் 'இல்லை' என்பதோடு மட்டும் வருகிறது. 'கூடத்திலிருந்து ஆளரவம் கேட்டது' என உடன்பாட்டில் எழுதும் துணிவு மொழிபெயர்ப்பாளர்க்கு வேண்டும்.