ரத்தமில்லாத வேஷம்

செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில் பதினெட்டாம் போர் அன்று, மண்ணால் வனைந்த துரியோதனன் திடலில் மல்லாந்து கிடப்பான். வேஷம் கட்டிய வீமன் தொடையில் அடிப்பான். அங்கிருந்து எடுத்த சிவப்பைத் தடவித் திரௌபதி கூந்தலை முடிவாள். அந்தச் சிவப்பு கடைசி வரிசைக்காரருக்கும் தெரிந்தாக வேண்டும். மிகைதான் அதற்கு அழகு.

அவசர சிகிச்சைப் பயிற்சிக்காகப் போடும் காய ஒப்பனை இதற்கு நேர் எதிர். குனிந்து கைவைத்துப் பார்க்கும் மாணவர் ஒருவருக்காகவே அது தீட்டப்படுகிறது. கிளிசரினில் சிவப்புச் சாயம் கலந்தால் ரத்தம் தயார். ஆனால் எந்த ரத்தம்? தமனியிலிருந்து பீறிடுவது பளிச்சென்று இருக்கும். சிரையிலிருந்து வழிவது கருஞ்சிவப்பு, அதற்குத் துளி நீலம் சேரவேண்டும். தார்ச்சாலைச் சிராய்ப்பை ஸ்பாஞ்சால் ஒற்றி, மேலே மணல் தூவுவார்கள். எலும்பு துருத்தும் முறிவுக்குக் கழுவிய கோழி எலும்பே போதும். கைத்தேர்ச்சி தெரிவது ரத்தக்கட்டில். சற்றுமுன் விழுந்தவர் உடம்பில் மஞ்சளும் பச்சையும் தெரிந்தால், அது பல நாள் பழைய காயம். மாணவர் தவறாகக் கற்றுப் போவார்.

இக்கலையின் உச்சம் என்று நான் கொண்டாடுவது ரத்தமே இல்லாத வேஷத்தை. வெளிறிய முகம், சாம்பல் பூத்த உதடு, நெற்றியில் குளிர்ந்த வியர்வையாக நிற்கும் கிளிசரின் நீர். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் அந்த ஆள் சத்தமே போடமாட்டார். பக்கத்தில் கை முறிந்தவர் அலறுகிறார். மாணவர் முதலில் யாரிடம் போகிறார்? 1980களில் கலிஃபோர்னியாவில் உருவான காயம்பட்டவர்களை அவசரத்துக்கேற்ப வரிசைப்படுத்தும் ‘ஸ்டார்ட்’ முறைப்படி, மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினால் சிவப்பு அட்டை, அதாவது உடனடிக் கவனிப்பு. நடிப்பவர் மூச்சை அப்படி இழுத்துக் காட்டலாம். நாடியை மட்டும் தூரிகையால் தீட்ட முடியாது. அதை ஆசிரியர்தான் சொல்லவேண்டும்.

விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது மேல்மருவத்தூரில். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அங்கிருந்து தெற்கே வந்தால் திண்டிவனம். அதையும் தாண்டினால் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. வண்டிகள் ஓயாத இந்தச் சாலைக்கு, அலறாதவரை அடையாளம் காணும் கண்கள் வேண்டும்.

அந்தக் கண்களைப் பழக்கக் கலைஞரை அழைப்பது மருத்துவத்துக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனை, காகிதக்கூழில் பழங்கள் செய்துவந்த ஜூல் பாரெத்தா என்ற கைவினைஞரை அழைத்து, தோல் நோய்களை மெழுகில் வார்க்கச் சொன்னது. அவர் செய்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வார்ப்புகளைப் பார்த்து மருத்துவர்கள் பாடம் படித்தார்கள்.

முண்டியம்பாக்கத்துப் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் அரிதாரம் குழைக்கத் தெரிந்த கூத்துக் கலைஞர்கள் இருக்கிறார்கள். கூத்து இல்லாத மழை மாதங்களில் அவர்களை வகுப்புக்கு அழையுங்கள். வெளிறிய முகம் எப்படி இருக்கும் என்று நீங்கள் சொல்லுங்கள், அவர்கள் தீட்டட்டும். அதற்கு உரிய கூலியையும் கொடுங்கள்.