கோபுரம் ஒன்று, தரநிலை பல

தமிழக எல்லையான பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்து ஏறத் தொடங்கினால் தருமபுரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரே நேரத்தில் பல வேலைகள் வந்துவிடும். ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்த வேண்டும், அருவியில் குளிக்கத் தடை போட வேண்டும், கரையோரக் குடியிருப்புகளுக்குத் தகவல் சொல்ல வேண்டும். முன்பு என்றால் தண்டோரா. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அதற்குத் தடை விதித்து, வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டது. செய்ய வேண்டிய காரியம்தான், தாமதமாகச் செய்தார்கள். இப்போது ஒலிபெருக்கி வண்டி போகிறது. வானொலி சொல்கிறது. தொலைக்காட்சியில் திரையின் அடியில் செய்தி ஓடுகிறது. கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. வாட்ஸ்அப் குழுக்களில் போன வருட வெள்ளத்தின் காணொளி இந்த வருட வெள்ளமாகச் சுற்றுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி வலைப்பின்னல், தனிக் கருவி, தனி அலுவலகம், தனிச் சட்டம்.

இவற்றையெல்லாம் ஒரே பாதைக்குக் கொண்டுவந்துவிடலாம், ஒலி ஒளிபரப்பும் கைபேசியும் தொலைத்தொடர்பும் ஒரே தரநிலையில் பேசட்டும் என்று கால் நூற்றாண்டாக உலகத்துப் பொறியாளர்கள் முயன்றுகொண்டிருக்கிறார்கள். இந்தியாவில் அதன் இன்றைய பெயர் டி2எம், அதாவது டைரக்ட் டு மொபைல். இணையமும் சிம் கார்டும் இல்லாமலே ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து நேராகக் கைபேசிக்குப் படமும் ஒலியும் வரும் ஏற்பாடு.

இதன் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயிரம் பேர் ஒரே கிரிக்கெட் ஆட்டத்தைத் தங்கள் கைபேசியில் பார்த்தால் தொலைத்தொடர்புக் கோபுரம் அதை ஆயிரம் தடவை அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒளிபரப்புக் கோபுரம் ஒரு தடவைதான் அனுப்புகிறது. பார்ப்பவர் பத்துப் பேரானாலும் பத்து லட்சமானாலும் அதற்குச் செலவு ஒன்றே. மலையும் காடும் நிறைந்து, செல்போன் கோபுரங்கள் சிதறிக் கிடக்கும் ஒரு மாவட்டத்துக்கு இந்தக் கணக்கு ரொம்பவும் பொருந்தும். பென்னாகரம் வட்டத்துக் கோட்டூர் மலைக்குத் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோகும் படம் நாளிதழ்களில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். சாலையே ஏறாத இடத்துக்கு ஆப்டிகல் ஃபைபர் கேபிள் எப்போது ஏறுவது?

எனவே தேவை உண்மையானது. கேள்வி, தரநிலை வகுக்கும் இந்த வழக்கம் அந்தத் தேவையை நிறைவேற்றுகிறதா என்பதுதான். இதுவரையிலான வரலாறு நம்பிக்கை தருவதாக இல்லை.

ஐரோப்பா 2004-இல் டிவிபி-ஹெச் என்ற தரநிலையை வெளியிட்டது. தொலைக்காட்சியைக் கைபேசிக்குக் கொண்டுவரும் ஏற்பாடு அது. நமது தூர்தர்ஷனும் 2007-இல் டெல்லியில் அதை நோக்கியாவோடு சேர்ந்து சோதித்துப் பார்த்தது. 2008-இல் ஐரோப்பிய ஆணையம் அதற்கு முத்திரையும் குத்தியது. ஆனால் அந்த ஒரு தரநிலைக்குள்ளேயே சண்டை ஓயவில்லை. அலை ஒன்றுதான், அதன் மேல் நிகழ்ச்சிப் பட்டியலையும் குறியாக்கப் பூட்டையும் எப்படி அனுப்புவது என்பதில் டிவிபி-ஐபிடிசி ஒரு பக்கம், ஓஎம்ஏ பிகாஸ்ட் மறுபக்கம். டிவிபி-ஐபிடிசிக்குள்ளேயே பூட்டுக்கு இரண்டு வழி. இரண்டுக்கும் ஆள் இருந்தது, இரண்டுக்கும் குழு இருந்தது. கைபேசி செய்பவர் எதை உள்ளே வைப்பது என்று காத்திருந்தார். கைபேசி வரட்டும் என்று ஒளிபரப்புபவர் காத்திருந்தார். நோக்கியாவின் சொந்த நாடான ஃபின்லாந்திலேயே 2012-இல் அந்த ஒளிபரப்பு நின்றுபோனது. அமெரிக்காவில் குவால்காம் தனியாக மீடியாஃப்ளோ என்று ஒன்றை நடத்தி 2011-இல் மூடியது.

தென் கொரியா வேறு கதை. 2005 டிசம்பரில் டி-டிஎம்பி தொடங்கியது. பார்ப்பதற்குக் காசில்லை, உள்நாட்டுக் கைபேசி நிறுவனங்கள் அலைவாங்கியை உள்ளேயே வைத்துவிட்டன. சுரங்க ரயிலில் நின்றுகொண்டு மக்கள் பார்த்தார்கள். தரநிலை அங்கே ஜெயித்ததற்குக் காரணம் அது சிறந்த தரநிலை என்பதல்ல. படம் தீப்பெட்டி அளவுதான் இருந்தது. கருவி ஏற்கெனவே எல்லோர் கையிலும் வந்துவிட்டிருந்தது, அவ்வளவுதான். விளம்பர வருமானம் போதாமல் அதுவும் பிறகு தள்ளாடியது.

இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு நம் டி2எம்-மைப் பார்க்கலாம். கான்பூர் ஐஐடி, பிரசார் பாரதி, பெங்களூரு சாங்க்யா லேப்ஸ் ஆகியோர் முன்னெடுத்த முயற்சி இது. அடிப்படை, அமெரிக்காவில் வகுத்த ஏடிஎஸ்சி 3.0 தரநிலை. கொரியா 2017 மே மாதம் இதே தரநிலையில் வீட்டுத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது. இங்கே பெங்களூரு, டெல்லி கர்தவ்ய பத், நொய்டா ஆகிய இடங்களில் சோதனை நடந்தது. 2024 ஜனவரியில் 19 நகரங்களுக்கு விரிவுபடுத்தப்போவதாகத் தகவல் ஒலிபரப்புத் துறை அறிவித்தது. எதிர்ப்பும் உடனே வந்தது. 2023-இல் குவால்காம், சாம்சங் போன்ற நிறுவனங்கள் கைபேசி விலை ஏறத்தாழ 30 டாலர் கூடும் என்று அரசுக்கு எழுதின. தொலைத்தொடர்பு உலகத்துக்கு 5ஜி பிராட்காஸ்ட் என்று சொந்தத் தரநிலை இருக்கிறது. கைபேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு உருவாக்கியது அது. ஆக மறுபடியும் இரண்டு முகாம். 2025-இல் லாவாவும் ஹெச்எம்டியும் டி2எம் கைபேசிகளை அறிவித்தன. முப்பது டாலர் என்பது மிகையாக இருக்கலாம். ஆனால் பட்டன் போன் வைத்திருக்கும் பாலக்கோட்டுத் தக்காளி விவசாயிக்கு அதில் பாதி ஏறினாலும் அவர் அந்தக் கைபேசியை வாங்கப்போவதில்லை என்பதற்குக் குழு அமைத்து ஆராய வேண்டியதில்லை.

தொழில்நுட்பத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. டி2எம்-முக்குப் பேசப்படும் அலைவரிசை 470 முதல் 582 மெகாஹெர்ட்ஸ் வரை. சமவெளியில் இது வெகுதூரம் போகும். வத்தல்மலை, சித்தேரி போன்ற மலைகளின் மறுபக்கத்தில் நிழல் விழும். அதைச் சரிசெய்ய ஏடிஎஸ்சி 3.0-வில் அழகான வழி உண்டு: பல சிறு கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே சமிக்ஞையை நொடி பிசகாமல் அனுப்பும், ஒன்றின் நிழலில் மற்றொன்று ஒளி பாய்ச்சும். பொறியியலாகப் பார்த்தால் கைதட்டத் தோன்றுகிறது. ஆனால் ஒரே சமிக்ஞை என்றால் வலை முழுக்க ஒரே நிகழ்ச்சித் தொகுப்பு என்று அர்த்தம். சேலத்துக்கும் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் சேர்த்து ஒரு வலை போட்டால் அரூர்ச் சந்தை நிலவரத்துக்கோ ஒகேனக்கல் எச்சரிக்கைக்கோ தனியிடம் கிடையாது. தனியாக வேண்டுமானால் தனி அலைவரிசை கேட்க வேண்டும், அல்லது வலையைச் சுருக்க வேண்டும், இரண்டுக்கும் செலவு. அலைவரிசையை மிச்சம் பிடிக்கிற அதே உத்தி உள்ளூர்க் குரலை அமுக்கிவிடுகிறது. எல்லாரும் ஒரே தேசிய ஒளிபரப்பைப் பார்க்கட்டும் என்று நினைப்பவருக்கு இது குறையாகவே தெரியாது. உள்ளூர்ச் செய்திக்காகவே கோபுரம் தேவைப்படுகிற ஊருக்கு இது பெரிய குறை.

தருமபுரிக்கு அப்படியொரு உள்ளூர்க் குரல் ஏற்கெனவே இருக்கிறது. 102.5 மெகாஹெர்ட்ஸில் ஆகாசவாணியின் தருமபுரி எஃப்எம். அதைக் கேட்கப் புதிய தரநிலை எதுவும் வேண்டாம். கைபேசிக்குள் எஃப்எம் அலைவாங்கியை இயக்கிவிட்டு, இயர்போனின் வயரையே ஆன்டெனாவாக்கிக்கொண்டால் போதும். ஆனால் புதிய ஸ்மார்ட்போன்கள் பலவற்றில் எஃப்எம் கிடையாது. சிப்பில் வசதி இருந்தும் முடக்கி வைத்திருக்கிறார்கள், இயர்போனுக்கான துளையையும் எடுத்துவிட்டார்கள். 2023 ஏப்ரலில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறை கைபேசித் தயாரிப்பாளர்களிடம் எஃப்எம் வசதியை முடக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டதோடு சரி, அது வெறும் அறிவுரை. ஒளிபரப்பையும் கைபேசியையும் இணைக்கும் மிக மலிவான, ஏற்கெனவே வேலை செய்கிற வழியை அறிவுரையோடு விட்டுவிட்டு, இன்னும் பரவலாக வராத சிப்புக்காகக் கூட்டம் கூட்டுகிறோம்.

ஒருங்கிணைப்பு நிஜமாகவே ஜெயித்த இடம் ஒன்று உண்டு; அது யாரும் கொண்டாடாத இடம். செல் பிராட்காஸ்ட். தொண்ணூறுகளின் ஜிஎஸ்எம் காலத்திலிருந்தே இருக்கும் பழைய தரநிலை. ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தியை இறக்கிவிடும்; எண் தெரிய வேண்டாம், நெரிசல் இல்லை. இதோடு பொது எச்சரிக்கை நெறிமுறை என்ற இன்னொரு சிறு தரநிலையைச் சேர்த்து, மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் உருவாக்கிய சசேத் தளத்தைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பயன்படுத்துகிறது. எச்சரிக்கையை ஒரே வடிவில் எழுதிக் குறுஞ்செய்தி, தொலைக்காட்சி, வானொலி எல்லாவற்றுக்கும் அனுப்பலாம். 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் கைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறியது அதன் சோதனைதான். அதே ஆண்டு அரசு இதற்கு விதியும் வகுத்து, இந்தியாவில் விற்கும் கைபேசிகளுக்கு இந்த வசதியைக் கட்டாயமாக்கியது. வித்தியாசத்தைக் கவனியுங்கள்: எஃப்எம்முக்கு அறிவுரை, செல் பிராட்காஸ்டுக்கு விதி.

இதிலும் ஒரு குறை. இது நம் மொழி சம்பந்தப்பட்டது, ஆகையால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். சாதாரணக் குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் அது 160 எழுத்து. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் இரண்டு பைட் வேண்டும் என்பதால் 70 குறியீடுதான் பிடிக்கும். அதிலும் நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவது கணினிக்கு ஒன்றல்ல. 'ஒகேனக்கல்' நமக்கு ஆறெழுத்து, குறியீடு ஒன்பது. 'தருமபுரி' ஐந்தெழுத்து, குறியீடு எட்டு. "காவிரியில் நீர்வரத்து அதிகரிப்பு, கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்று எழுதுங்கள். 'இடங்களுக்குச்' முடிவதற்குள் எழுபது தீர்ந்துவிடும். செய்தி இரண்டாகப் பிளந்து, கைபேசியில் போய்த்தான் மறுபடி ஒட்ட வேண்டும். செல் பிராட்காஸ்டில் ஒரு பக்கத்துக்கு ஆங்கிலம் 93 எழுத்து, தமிழ் 41 குறியீடு. அதிகபட்சம் 15 பக்கம். தரநிலை வகுத்தவர்களுக்கு நம் மேல் பகை ஒன்றுமில்லை. அந்த மேசையில் தமிழ் எழுதுகிறவர் யாரும் உட்காரவில்லை. தருமபுரியில் எச்சரிக்கை எழுதும் அதிகாரி ஆங்கிலத்தில் எழுதுபவரைவிடப் பாதி இடத்தில் எழுதியாக வேண்டும் என்பது அதன் விளைவு.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும் அரூரில் 33 சென்டிமீட்டரும் கொட்டியது. கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரத்தில் புயல் மழை இப்படி அடிக்கும் என்று யாரும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. அத்தகைய இரவில் மின்சாரம் போகும், அதன் பிறகு கோபுரத்தின் பேட்டரி போகும். அப்போது கையில் மிஞ்சுவது தூரத்துக் கோபுரத்தின் வானொலி அலை மட்டுமே. டி2எம்-முக்கு ஆதரவான மிக வலுவான வாதம் இதுதான், கிரிக்கெட் அல்ல. விளம்பரங்களில் கிரிக்கெட்டைத்தான் காட்டுகிறார்கள்.

தரநிலை இல்லாமலே ஒருங்கிணைத்த அனுபவமும் நமக்கு இருக்கிறது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, கொரோனா காலத்தில் ஒரே பாடத்தை அரசு கேபிளிலும் யூடியூபிலும் கொடுத்தது. கேபிள் உள்ள வீட்டில் கேபிள், டேட்டா உள்ள வீட்டில் யூடியூப். நேர்த்தியான ஏற்பாடு அல்ல. பாடத்தில் சந்தேகம் கேட்க வழியில்லை. ஆனால் மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அன்றைக்கு ஏதோ ஒன்று கிடைத்தது. மறுபக்கம், 2022 நவம்பரில் அரசு கேபிள் டிவியின் பல லட்சம் செட்டாப் பாக்ஸ்கள் மென்பொருள் கோளாறால் ஒரே நேரத்தில் படுத்துக்கொண்டன. பெட்டியின் பூட்டு ஒரு தனியார் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று அப்போது தெரிந்தது. எந்த நிறுவனத்தின் சேவைக்கும் பொருந்தும் பெட்டி வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-இலேயே பரிந்துரைத்திருந்தது. இன்னமும் ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறினால் பழைய பெட்டி பரணுக்குத்தான் போகிறது.

சட்டம் இதைவிடப் பின்தங்கியிருக்கிறது. ஒலிபரப்பையும் தொலைத்தொடர்பையும் ஒரே ஆணையத்தின் கீழ்க் கொண்டுவர 2001-இல் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. அவை கலைந்ததும் காலாவதியானது. 2023-இல் தொலைத்தொடர்புக்குத் தனிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு வெளியான ஒலிபரப்பு மசோதா வரைவு, மறுவரைவாகி, 2024-இல் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. கைபேசிக்குள் வரும் தொலைக்காட்சி யாருடைய பொறுப்பு என்று கேட்டால் இரண்டு அமைச்சகங்களும் கையை நீட்டும். கோபுரத்துக்குப் பணம் கேட்டால் இரண்டும் கையை மடக்கும்.

ஆகவே டி2எம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது நடக்கும் வரிசை தலைகீழ் என்கிறேன். எஃப்எம் வசதியை அறிவுரையிலிருந்து விதியாக மாற்ற ஓர் அறிவிக்கை போதும். அதை முதலில் செய்யட்டும். எச்சரிக்கைத் தளத்தில் தருமபுரி எஃப்எம் போன்ற உள்ளூர் நிலையங்கள் தாமாகவே இணையட்டும். டி2எம் வலை வகுக்கும்போது மாவட்ட அளவிலான நிகழ்ச்சிக்கு இடம் ஒதுக்குவது தரநிலையோடு சேர்ந்த நிபந்தனையாக இருக்கட்டும், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. சோதனையை இதுவரை நடத்திய இடங்கள் செல்போன் கோபுரத்துக்குப் பஞ்சமில்லாத பெருநகரங்கள். அடுத்த சோதனைக் கோபுரத்தைப் பென்னாகரம் வட்டத்தில் நட்டு, கோட்டூர் மலையில் படம் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே தெரிந்தால் மற்ற ஊர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.