சிறைக்கதைக்கு வெளியே லீனா ஸ்டெர்ன்

லீனா ஸ்டெர்ன் (1878–1968) பற்றித் தேடினால் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்தான் கிடைக்கும். ஒன்று, 'முதல் பெண்' பட்டியல்: 1918-ல் ஜெனீவா பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர், 1939-ல் சோவியத் அறிவியல் அகாதமியின் முதல் பெண் முழு உறுப்பினர். இன்னொன்று, ஸ்டாலின் கால வழக்கு. யூத பாசிச எதிர்ப்புக் குழு வழக்கில் 1952 ஆகஸ்ட் 12 அன்று 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இவருக்கு மட்டும் சிறையும் கஜகஸ்தானுக்கு நாடுகடத்தலும்.

இரண்டும் உண்மை. ஆனா படிச்சு முடிச்ச பிறகும், ஆய்வகத்தில் இவர் என்னதான் செய்தார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஜெனீவாவில் பாட்டெல்லியோடு சேர்ந்து, திசுக்கள் ஆக்சிஜனை எப்படிப் பயன்படுத்துகின்றன என்று ஆராய்ந்தார். சக்சினிக் அமிலம் திசுக்களில் ஆக்சிஜனேற்றம் அடைவதை இருவரும் விரிவாக அளந்தார்கள். 1937-ல் கிரெப்ஸ் முன்வைத்த சுழற்சிக்கு முன்னோடியான வேலைகளில் இதுவும் ஒன்று.

அடுத்தது மூளை. ரத்தத்தில் செலுத்திய சில சாயங்கள் மற்ற உறுப்புகளில் ஏறின, மூளையில் ஏறவில்லை. இது எர்லிக் காலத்திலேயே தெரியும். ஸ்டெர்னும் கோத்தியேயும் சாயத்தோடு நிற்கவில்லை. எந்தப் பொருள் ரத்தத்திலிருந்து மூளைத் தண்டுவடத் திரவத்துக்கு வருகிறது, எது வரவில்லை என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். புரோமைடு வந்தது, பெரோசயனைடு வரவில்லை. 1921-ல் அதற்கு 'ரத்த-மூளைத் தடுப்பு' என்று பெயர் வைத்தார்கள்.

பெயரில்தான் தடுப்பு. அவர் சொன்னது, ஆளைப் பார்த்து விடும் வாசல். நம்ம ஃபயர்வால் மாதிரிதான்: சுவர்னு பேரு, உள்ளே இருப்பது விதிகளின் பட்டியல்.

இந்த யோசனை உயிர் காத்தது. காசநோய் மூளைக்காய்ச்சலில் ஸ்ட்ரெப்டோமைசினை ரத்தத்தில் செலுத்தினால் மூளைக்குப் போதுமான அளவு போய்ச் சேராது. அதை நேராகத் தண்டுவடத் திரவத்திலேயே செலுத்தி, குழந்தைகளுக்குச் சிகிச்சை தந்தார்.

ஆனால் இதே யோசனையை அவர் ரொம்ப தூரம் இழுத்தார் என்பது என் விமர்சனம். தூக்கம், அதிர்ச்சி எல்லாவற்றுக்கும் தடுப்பையே காரணமாகத் தேடினார். போர்க்காலத்தில் அதிர்ச்சிக்காக மண்டை அடிப்பகுதி வழியே பொட்டாசியம் பாஸ்பேட் ஊசி போடும் முறையைப் பரப்பினார். அது நிலையான சிகிச்சையாக நிலைக்கவில்லை.

சிறைக்கதை மட்டும் சொல்பவர்கள் இதைத் தொடுவதே இல்லை. தியாகியிடம் 'ஒப்பீட்டுச் சோதனை எங்கே?' என்று யாரும் கேட்க மாட்டார்கள். விஞ்ஞானியிடம் கேட்கலாம், கேட்கணும். அதுதான் அவருக்கான மரியாதையும்கூட.