கொங்கில் பிராட்டியின் அடுக்களை: ஆறாயிரப்படி காட்டும் ஒழுக்கம்

திவ்யதேசங்கள் நூற்றெட்டினையும் சோழநாடு, பாண்டியநாடு, மலைநாடு, நடுநாடு, தொண்டைநாடு, வடநாடு, திருநாடு என வகுத்து அநுஸந்திப்பது ஸம்பிரதாய வழக்கம். அவ்வகுப்பில் கொங்குநாட்டுக்கு இடமில்லை. ஆயினும் பின்பழகிய பெருமாள் ஜீயர் அருளிய ஆறாயிரப்படி குருபரம்பரா ப்ரபாவத்தில், உடையவரின் சரிதம் மிகவும் நெருக்கடியான ஒரு கட்டத்தை அடையும்போது கொங்குநாடே அவருக்குச் சோறிடுகிறது. பசித்து வந்தவர் யார் கையால் உண்ணலாம், அதை எதைக்கொண்டு துணிவது என்னும் கேள்வி அங்கே எழுகிறது. ஒழுக்கத்துக்குப் பிரமாணம் நாட்டாரின் ஒப்புதலா, வேறொன்றா என்பதை ரஹஸ்ய கிரந்தங்கள் சித்தாந்தமாகக் கூறும். ஆறாயிரப்படியோ அதனை ஓர் அடுக்களையில் வைத்துப் பார்க்கிறது.

கதை யாவரும் அறிந்ததே. மழை பொய்த்ததால் கொங்குநாட்டிலிருந்து ஓர் அந்தணத் தம்பதியர் திருவரங்கத்துக்கு வந்து ஒரு மாடியில் தங்குகின்றனர். உடையவர் மாதுகரத்துக்கு எழுந்தருளுவதையும், பெரியோர் பலரும் அவர் திருவடியில் விழுவதையும் அப்பெண்மணி மேலிருந்து காண்கிறாள். ஒருநாள் இறங்கி வந்து, இத்தனை பேர் வணங்கும் ஒருவர் பிக்ஷைக்கு வருவானேன் என்று அவரிடமே கேட்கிறாள். எம்பெருமானைப் பற்றிய நல்வார்த்தை சொல்வதால் வணங்குகிறார்கள் என்று விடை வருகிறது. அவ்வார்த்தையைத் தனக்கும் சொல்லவேண்டும் என்கிறாள், த்வயத்தை உபதேசிக்கிறார். மழை பெய்து ஊர் திரும்பும் வேளையில் உபதேசம் மறந்துபோனதை உணர்ந்து மீண்டும் விண்ணப்பிக்கிறாள். மீண்டும் பெறுகிறாள், உடன் அவருடைய பாதுகைகளையும் பெற்றுச் செல்கிறாள்.

இக்கதையை உபந்யஸிப்பவர்கள் மறதியை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். சிறந்த பக்தைக்கு அது குறை என்ற கூச்சம் போலும். ஆறாயிரப்படிக்கு அக்கூச்சம் இல்லை. மேற்குத்தொடர் மலையின் மழைமறைவில் கிடக்கும் நாட்டிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவள் அவள். சொற்கள் நெஞ்சில் நில்லாமல் போகலாம். ஆனால் இழந்தோம் என்பதை அவள் அறிந்தாள். அறிந்தபின் வெறுங்கையோடு ஊர் திரும்ப அவளுக்கு மனம் ஒப்பவில்லை. மறவாத மேதையைவிட இந்த ஆற்றாமையையே ஜீயர் எடுத்துக்காட்டுகிறார் என்று கொள்வது பொருந்தும். பின்னால் வரும் சோதனையில் அவளைக் காப்பது மந்த்ரத்தின் நினைவு மட்டுமன்று. அன்று கேட்டு வாங்கிய பாதுகைகளும்தாம்.

பல ஆண்டுகள் கழித்து, கிருமிகண்ட சோழனின் கொடுமையால் உடையவர் திருவரங்கத்தை விட்டு வெளியேற நேர்கிறது. காஷாயத்தைக் கூரத்தாழ்வான் அணிந்து அரசவைக்குச் செல்கிறார். உடையவர் வெள்ளை உடுத்து மேற்கே நடக்கிறார். காட்டில் பசியும் களைப்புமாக வந்த கூட்டத்தை மலைச்சாரலின் வேடர்கள் எதிர்கொள்கிறார்கள். திருவரங்கத்திலிருந்து வருகிறவர்கள் என்றறிந்ததும் அவர்கள் எம்பெருமானாரின் நலத்தை விசாரிக்கிறார்கள். அவரை எப்படி அறிவீர்கள் என்று கேட்டால், தாங்கள் நல்லான் சக்ரவர்த்தியின் சிஷ்யர்கள் என்கிறார்கள்.

நல்லான் என்னும் பெயர் இங்கே தற்செயலாக வந்ததன்று. ஆற்றில் மிதந்து வந்த ஒரு சடலத்தின் தோளில் சங்கு சக்கரப் பொறி கண்டு, குலம் ஆராயாமல் ஸம்ஸ்காரம் செய்தவர் அவர். ஊரார் அவரைப் பொல்லாதவர் என்று விலக்கினர். பெருமாளோ அவரைத் தமக்கு நல்லவர் என்று ஏற்றதாக ஐதிஹ்யம். மாறனேரி நம்பிக்குப் பெரிய நம்பி சரம கைங்கர்யம் செய்ததும் இதே இனத்தது. ஜடாயுவுக்குச் சக்ரவர்த்தித் திருமகன் செய்ததையே அவர் தமக்குப் பிரமாணமாகக் காட்டினார். இவ்விருவரும் ஸாமாந்ய தர்மத்தைப் பழித்தவர்களல்லர். பாகவத ஸம்பந்தம் என்னும் விசேஷம் எதிர்நின்றபோது ஸாமாந்யம் ஒதுங்கவேண்டும் என்று நடந்து காட்டியவர்கள். அதற்கு ஊர் விதித்த தண்டனையையும் ஏற்றார்கள். ஊர் விலக்கிய அந்த நல்லானின் வார்த்தைதான் ஊருக்கு வெளியே வேடர்களிடம் போய்ச் சேர்ந்தது. நாட்டாரின் கணக்கில் பொல்லாதவர் பயிர் செய்த ஒழுக்கம், உடையவரின் பசியை ஆற்றும் தேனும் தினைமாவுமாக விளைந்தது. இந்தக் காரணகாரியத் தொடர்ச்சியை ஆறாயிரப்படி விரித்துரைக்கவில்லை. பெயரை மட்டும் வைத்துவிட்டுப் போகிறது.

இவ்விடத்தில் இன்றைய வாசகர்கள் இருவேறு பிழைகளில் விழுகின்றனர். வேடர் தந்ததை உடையவர் கோஷ்டி ஏற்றதைக் கொண்டு, குலபேதம் அன்றே ஒழிந்துவிட்டது என்பாருண்டு. தேனும் தினைமாவும் அடுப்பேறாத பொருள்கள் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. சமைத்த உணவுக்காக வேடர்கள் தங்கள் விருந்தினரை ஓர் அந்தணர் இல்லத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள் என்பதும் நூலிலேயே உள்ளது. இதைக் காட்டி, வரம்பு சிறிதும் தளரவில்லை என்று நிறைவடைவோர் மறுபுறம். அவர்கள் அடுத்து நிகழ்வதைப் படிப்பதில்லை.

அடுத்து நிகழ்வது இது: அந்தண இல்லம் என்பதாலேயே உடையவரின் கோஷ்டி உண்ண இசைந்துவிடவில்லை. கண்ட இடத்தில் உண்பதில்லை என்று தயங்குகிறார்கள். குலமே போதிய பிரமாணமாயின் இத்தயக்கத்துக்கு இடமேது? அப்பெண்மணி தனக்கு எம்பெருமானாரோடு உள்ள ஸம்பந்தத்தைச் சொல்கிறாள். சொன்னதோடும் அவர்கள் அமையவில்லை. சமையலின்போது அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துவருமாறு ஒருவரை உடையவர் ஏவுகிறார். அவள் தளிகை முடித்து, உள்ளே சென்று, பாதுகைகளின் முன் தியானித்திருப்பதை அவர் கண்டுவந்து சொல்கிறார். எவரும் காண்கிறார் என்று அவள் அறியாத வேளையில் கண்டது அது.

ஸ்ரீவசநபூஷணம் பாகவதரின் பிறப்பை ஆராய்வதை அர்ச்சாவதாரத்தின் உபாதானத்தை ஆராய்வதோடு ஒரே தட்டில் வைத்துக் கண்டிக்கிறது. இங்கேயோ ஆராய்ச்சி நடந்தேறுகிறது. இரண்டுக்கும் முரண் இல்லை. ஆராயப்படும் பொருள் வேறு. கொங்கில் பிராட்டியின் வீட்டில் எவரும் கோத்திரம் கேட்கவில்லை. தனியே இருக்கும்போது அவள் எதைப் பற்றி நிற்கிறாள் என்பதே பார்க்கப்பட்டது. ஒரு ஸமூகம் கூடி உண்ணவேண்டுமாயின் நம்பிக்கை வேண்டும். நம்பிக்கைக்கு ஏதேனும் ஒரு சோதனை வேண்டும் என்பதை ஜீயர் மறுக்கவில்லை. வேண்டாத சோதனையை விட்டு வேண்டியதைச் செய்வித்தார்.

ஆனால் அச்சோதனையிலும் ஒரு நெருடல் உண்டு. வியாக்யான ரஸிகர்கள் அதைத் தொடுவதில்லை. சோதிப்பவர்கள் மாறுவேடத்தில் இருப்பவர்கள். யதிக்குரிய காஷாயத்தைக் களைந்து வெள்ளை உடுத்திருப்பவர் உடையவர் தாமே. தம்மை மறைத்துக்கொண்டவர்கள், தன்னை மறைக்காதவளைக் கதவிடுக்கில் பார்க்கிறார்கள். உயிர்க்காப்புக்காக ஆச்ரமச் சின்னத்தை விட்டது குற்றமன்று. ஸம்பிரதாயம் பிழைத்திருக்க அது வேண்டியிருந்தது. எனினும் அவளுடைய வெள்ளையுள்ளத்தின் முன் அக்கோஷ்டியின் எச்சரிக்கை சிறிது சிறுத்துத்தான் தெரிகிறது. ஜீயர் இதனை மறைக்க முயலவில்லை என்பதே அந்நூலின் நேர்மை.

வேடர்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அவர்களை எவரும் ஒளிந்திருந்து பார்க்கவில்லை. தங்கள் முன் நிற்பவர் யார் என்று அறியாமலே எம்பெருமானாரின் நலம் கேட்டார்கள், அது போதுமானதாயிற்று. சோதனையின்றி நம்பப்பட்டவர்களின் கையால் சமைத்த உணவு ஏற்கப்படவில்லை. சமைத்த உணவு ஏற்கப்பட்டவள் சோதனைக்குப் பின்னரே நம்பப்பட்டாள். இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பதால் விளையும் கேள்விக்கு ஆறாயிரப்படியில் விடையில்லை. மலையடிவாரத்துக் காரமடையில் அரங்கநாதரின் மாசிமகப் பெருவிழாவில் பலகுலத்து தாசர்கள் பந்தம் ஏந்தியும் தண்ணீர் சேவை செய்தும் வலம் வரும்போது, கொங்குநாடு அக்கேள்விக்குத் தன் வழியில் விடை தேடிக்கொண்டிருப்பதாகவே தோன்றும்.

பிராட்டியின் கணவர் அதுவரை உடையவரின் ஸம்பந்தம் பெற்றவரல்லர். மனைவி முன்னே ஆசார்ய ஸம்பந்தம் பெற்றுக் கணவரைப் பின்னே அழைத்துவருவது நாட்டாரின் ஸ்த்ரீதர்மக் கணக்கில் முறை மாறியதே. அவளது வேண்டுகோளால் அவரும் உடையவரின் திருவடியைப் பற்றுகிறார். ஊர் என்ன சொல்லிற்று என்பதற்கு நூலில் குறிப்பில்லை.

இந்தக் கோஷ்டியில் உன் ஆசார்யர் யார் என்று காட்டு என்று அவளிடம் கேட்டபோது, அவள் முகங்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவர் திருவடியாகப் பார்த்து வந்தாள். ஓரிடத்தில் நின்று, திருவடி அவருடையது போலிருக்கிறது, காஷாயத்தைத்தான் காணவில்லை என்று தயங்கினாள். உடையவர் தம்மை வெளியிட்டுக்கொள்கிறார். ஆறாயிரப்படி அங்கே அதிகம் தங்காமல், ஸாளக்ராமத்தையும் தொண்டனூரையும் நோக்கி நடையைத் தொடர்கிறது.